செடிக்கு ஊட்டும்போது மீனை மறக்காதீர்கள்



மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "சேர், லைட் போடுறம், உரம் போடுறம், செடி மட்டும் ஏன் தேறுதில்ல?"

பதில் நாம் வகுப்பில் படிப்பிக்கும் ஒளித்தொகுப்பில் இருக்கிறது. இலைக்குக் காபனீரொட்சைட்டு வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அந்த வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். அதனால் செடி அடர்ந்த தொட்டிக்கு நாம்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது.

மலிவான வழி, சோடாப் போத்தலில் சீனி, தண்ணீர், ஈஸ்ட். வரும் வாயுவை நேரே தொட்டிக்குள் விட்டால் குமிழிகள் சில விநாடிகளில் மேலே போய் உடைந்துவிடும். நான் அந்த மெல்லிய குழாயைக் கனிஸ்டர் பில்டரின் உறிஞ்சு குழாய் வாயில் சொருகியிருக்கிறேன். குமிழிகள் தண்ணீரோடு கீழே இழுபட்டு, பஞ்சுக்குள் தங்கி, மோட்டரின் விசிறியில் நொறுங்கிக் கரைந்து வருகின்றன. வாயு கூடினால் பில்டரின் தலையில் தேங்கிக் 'கடகட' என்று சத்தம் கேட்கும். அப்போது குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு போதும்? லீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவு. அதைக் காட்ட, தொட்டிக்குள் தொங்கும் சிறு குப்பியில் புரோமோதைமோல் நீலம் விடுவார்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் அளவு, மஞ்சள் என்றால் ஆபத்து.

மறிச்சுக்கட்டிப் பக்கத்தில் இருப்போர் இதைக் கவனியுங்கள். அந்தக் குப்பிக்குள் காபனேற்று வன்மை 4 பாகை உள்ள நீர்தான் இருக்க வேண்டும். நம் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. 12 பாகை நீரை ஊற்றினால், பச்சை வரும்போது தொட்டியில் வாயு 90 மில்லிகிராமைத் தொட்டிருக்கும். குப்பி நல்ல செய்தி சொல்லும், மீன் மூச்சுத் திணறும்.

இரவில் செடியும் காபனீரொட்சைட்டையே வெளிவிடும். ஈஸ்டுக்கோ ஆளி கிடையாது. லைட் அணைந்தால், கரண்ட் போனால், முதல் வேலை குழாயை எடுப்பது. 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மீன் மேலே வந்து வாய் பிளந்தால், கோப்பையால் தொட்டி நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். வாயு வெளியேறும், ஒட்சிசன் சேரும்.

செடி வாடினால் இன்னொன்று நடலாம். மீன் நாம் அடைத்து வைத்த உயிர். அது நம்மிடம் உள்ள அமானிதம்.