25 மி.மீ. போதும்

கோவை கணபதியில், லேத் பட்டறைகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில், சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் கார் பட்டறை ஒன்று இருக்கிறது. மூத்த மெக்கானிக்கை எல்லோரும் மேஸ்திரி என்கிறார்கள். இளவயதில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறையில் தொழில் பழகியவர். கூட இருப்பவர் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர். தினமும் ஓட்டும் காருக்கு எவ்வளவு மாற்றம் தகும் என்பது, இவர்கள் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவாக விளங்கியது.

இந்த ஊருக்குக் கார் பந்தயம் புதிதல்ல. ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கரிவரதனும், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தரையை ஒட்டி ஓடும் பந்தய வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தங்கள் வண்டியும் அப்படி நிற்க வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு.

நான் போயிருந்தபோது லிஃப்ட்டில் ஒரு ஸ்விஃப்ட் நின்றது. 80 ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டி. உரிமையாளர் கல்லூரிப் பேராசிரியர். பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவைக்கு வந்து போகிறவர். விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு வால்பாறை. ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாய்கிறது என்பது அவர் குறை. 50 மி.மீ. இறக்கி, கெட்டியான ஸ்பிரிங் போடச் சொன்னார்.

“பின்னாடி யாருங்க சார் உக்காருவாங்க?” என்று கேட்டார் மேஸ்திரி.

“அம்மாவும் அப்பாவும்.”

“அம்மாவுக்கு முதுகு வலி ஏதும் இருக்குதுங்களா?”

பேராசிரியர் யோசித்தார். “இருக்கு” என்றார். பட்டறையில் பேச்சு அந்த இடத்தில் திசை மாறியது. “மொதல்ல போனத மாத்துவோமுங்க. அப்பறம் புதுசப் பத்திப் பேசலாம்” என்றபடி மேஸ்திரி வண்டிக்கு அடியில் போனார்.

முன்சக்கரத்து ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங் கம்ப்ரஸரில் மாட்டினார்கள். எதிரெதிரே இரண்டு கொக்கிகள். இளைஞர் ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார். ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. மேல் தாங்கி தளர்ந்து கையால் ஆட்ட முடிகிறது என்று உறுதியான பிறகே நடு நட்டில் ஸ்பானர் வைத்தார். அதுவரை முகத்தை ஸ்பிரிங்குக்கு நேரே கொண்டு போகவே இல்லை.

வெளியே வந்த டாம்பரின், அதாவது ஷாக் அப்சார்பரின், தண்டை மேஸ்திரி உள்ளங்கையால் அழுத்தினார். முதல் அரை அங்குலம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. ஆயில் சீல் ஓரம் கசிந்து மண் அப்பியிருந்தது. பம்ப் ஸ்டாப்பை விரலால் பிடித்ததும் பொடியாக உதிர்ந்தது. லிங்க் ராடின் பந்து மூட்டு ஆடியது. வளைவில் வண்டி சட்டென்று சாய்ந்ததற்கும், வேகத்தடை தாண்டியபின் ஊஞ்சல்போல ஆடியதற்கும் பெரும்பங்கு இந்தத் தேய்மானம்தான். ஸ்பிரிங் மேல் போட்ட பழி பாதி இங்கேயே கழிந்தது.

மீதிப் பாதிக்கு இளைஞர் ஓர் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஸ்பிரிங் கம்பியின் கனம் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். சுருளின் அகலமும் சுற்றுகளும் மாறாமல் 12 மி.மீ. கம்பி 13 ஆனால், கடினம் சுமார் 38 சதவீதம் ஏறும். செலவு மிச்சமென்று வேலை செய்யும் 6 சுற்றில் ஒன்றை வெட்டினால், உயரம் குறைவதோடு கடினமும் 20 சதவீதம் கூடும். வெட்டிய முனை தாங்கியில் சரியாக உட்காராது. கடினம் கூடிய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க டாம்பரும் பலமாக வேண்டும்: ஸ்பிரிங் 25 சதவீதம் ஏறினால் டாம்பர் சுமார் 12 சதவீதம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டாம்பரோடு அனுப்பும் வேலையை இவர்கள் ஏற்பதில்லை.

50 மி.மீ. ஏன் கூடாது? இந்த ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடைக்கு உயரம் 100 மி.மீ., நீளம் 3.7 மீட்டர். நம் ஊர்த் தெருக்களில் உள்ள பல தடைகள் அதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை. நான்கு பேர் ஏறினாலே வண்டி இறங்கும். அதற்கு மேல் 50 போனால் அடி தட்டும். இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது. மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் வண்டியை அதிகம் இறக்கினால், லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட, அது சாயும் மையம் கூடுதலாக இறங்குகிறது. சாய்வைக் குறைக்கச் செய்த வேலையே சாய்க்கும் விசையைக் கூட்டிவிடும்.

முடிவில் 25 மி.மீ. தாழ்ந்த ஸ்பிரிங், கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், அதற்குப் பொருத்தமான டாம்பர், புது பம்ப் ஸ்டாப், லிங்க் ராட், மேல் தாங்கி என்று தீர்மானித்தார்கள்.

மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது முழுதாக முறுக்கவில்லை. கீழே இறக்கி, நாலு சக்கரமும் எடையைத் தாங்கி நின்ற பிறகே டார்க் ரென்ச்சால் இறுக்கினார் மேஸ்திரி. தொங்கும்போது இறுக்கினால், தரையில் நிற்கும் நேரமெல்லாம் உள்ளே ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இதைச் செய்தாரா இல்லையா என்று எந்த வாடிக்கையாளரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் குனிந்து, கை நுழையாத இடத்தில் செய்தார். பிறகு வீல் அலைன்மென்ட்.

ஓட்டிப் பார்க்கும்போது பின்சீட்டில் நானும் இருந்தேன். வேகத்தடையில் வண்டி ஏறியது, இறங்கியது, நின்றது. மறுதுள்ளல் இல்லை. முதுகில் குத்தலும் இல்லை.

இணையத்தில் பாகத்தின் பிராண்டையும் விலையையும் நாள்கணக்கில் ஒப்பிடுகிறோம். மாட்டுகிறவரின் கூலியில்தான் பேரம் பேசுகிறோம். இது அநியாயம் என்றே சொல்வேன். நல்ல டாம்பரை அவசரத்தில் மாட்டிக் கெடுத்துவிடலாம். சுமாரான டாம்பரை ஒழுங்காக மாட்டினால் பல வருடம் உழைக்கும். சஸ்பென்ஷன் மாற்ற நினைப்பவர்கள் முதலில் தேய்ந்ததைக் கண்டறியச் செலவழியுங்கள். ஸ்பிரிங்கையும் டாம்பரையும் ஜோடியாக வாங்குங்கள். பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்கும் மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.