பேர் விழுந்ததா?

கொட்டகலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த அப்பாயி ஒருத்தி, மாலையில் கொழுந்து நிறுத்தவுடன் வீடு திரும்பமாட்டாள். இடாப்பில் விழுந்தது முழுப்பேரா, அரைப்பேரா என்று அறியவேண்டும். “போட்டாச்சு” என்ற கணக்கப்பிள்ளையின் சொல் அவளுக்குப் போதாது. எழுத்தறியாத அவள், பள்ளி செல்லும் பேரனை அழைத்து ஏட்டைப் பார்க்கச் செய்வாள். அதன் பின்னரே லயத்துக்கு நடப்பாள்.

அப்பேரன் பல்கலைக்கழகத்திற் கணினி கற்கப் புகுந்தபோது, அதே இடாப்பை வேறோர் உருவிற் கண்டான். லினக்ஸில் இயங்கும் ஒவ்வொரு செயல்முறையின் அதிகாரமும் கெர்னல் எனப்படும் கருவிலேயே பதியப்பட்டுள்ளது. செயல்முறை அப்பதிவைத் தானே திருத்த இயலாது. ‘செட்யூஐடி’ போன்ற அழைப்பினாற் கருவிடம் விண்ணப்பிக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் கருவின் செயல்.

2000 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட வழுவொன்று அவன் சிந்தையைக் கவர்ந்தது. செண்ட்மெயில் எனும் அஞ்சற் செய்நிரல், ‘ரூட்’ எனும் முழு அதிகாரத்துடன் தொடங்கிப் பின்னர் அதனைக் கைவிடுவது. ஆனால், அதிகாரத்தை முற்றாகக் கைவிடுவதற்கு வேண்டிய உரிமையைச் சாதாரணப் பயனரொருவர் முன்கூட்டியே பறித்துவிடக் கருவில் வழியிருந்தது. அந்நிலையிலும் ‘செட்யூஐடி’ வெற்றி என்றே விடை தந்தது. நடப்பிலுள்ள பயனர் எண் மாறியது. சேமிக்கப்பட்ட எண்ணோ பூச்சியமாகவே நின்றது. பூச்சியம் ரூட்டின் எண். கைவிட்டதாகக் கருதிய அதிகாரம் மீண்டும் எழக் காத்திருந்தது. லினக்ஸ் 2.2.16 இல் அவ்வழு திருத்தப்பட்டது.

அப்பாயியின் ஐயம் காரணமற்றதன்று. 1947 இல் வாக்களித்திருந்த மலையகத் தமிழருட் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. உழைப்பும் பிறப்பும் அவர்களுடையன. எழுதுகோல் பிறர் கையில் இருந்தது.

தன் செய்நிரலில் அதிகாரத்தைக் கைவிடும் வரியை எழுதிய பேரன் அங்கே நிறுத்தவில்லை. ‘கெட்ரெஸ்யூஐடி’ என்ற அழைப்பால் மூன்று பயனர் எண்களையும் கருவிடமிருந்து வாங்கி ஒப்பிட்டான். இழந்த அதிகாரத்தை வேண்டுமென்றே மீளக் கேட்டு, மறுக்கப்படுவதையும் உறுதிசெய்தான். விடைதான் வெற்றி என்று வந்துவிட்டதே, மேலதிக வரிகள் எதற்கென்று உடன் பயில்வோன் வினவினான்.

“பேர் விழுந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் எங்க அப்பாயி வீட்டுக்குப் போவாங்க” என்றான் அவன்.