தறி ஓய்ந்த நாள்

சேலம், நாமக்கல் சமவெளியில் பொழுது புலரும் முன்பே தறியோசை எழும் ஊர்கள் பல உண்டு. இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், ராசிபுரம், திருச்செங்கோடு என நீளும் அவ்வரிசையில் வீடு வேறு, தொழிற்கூடம் வேறு என்ற பிரிவினை பல குடும்பங்களுக்கு இல்லை. கூடத்தின் ஒரு பாதியில் குழித்தறி. மறுபாதியில் பாயும் அடுப்பும் பிள்ளைகளின் புத்தகப்பையும். அங்கே பணி தொடங்க மணி ஒலிப்பதில்லை. வருகைப் பதிவேடும் இல்லை. ‘தன் கையே தனக்கு உதவி’ என்னும் பழமொழி உருவெடுத்தாற்போன்ற வாழ்க்கை அது. ஆனால், அந்தக் கையே நோயுற்றால்?

அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஐம்பதைக் கடந்த நெசவாளர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். குழியில் கால்களைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவதும், ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுத்து மறுகையால் பண்ணையை அடிப்பதுமாகப் பல்லாண்டுகள் உழைத்த உடல் அது. முதுகும் முழங்காலும் முன்னரே தளர்ந்துவிட்டன. நெய்து முடித்த சேலைக்கு மட்டுமே கூலி உண்டு. பாதி நெய்த சேலைக்குக் கூலி இல்லை. வாங்கிய முன்பணமோ கணக்கில் நிற்கிறது.

ஆலையில் வேலை செய்பவர் நோயுற்றால் இயந்திரத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். இவருக்கோ, படுத்த இடத்திலிருந்து கண் திறந்தால் எதிரே தறி நிற்கிறது. பாவு விரிந்து கிடக்கிறது. அருகில் மனைவி ராட்டையில் தார் சுற்றுகிறார். அவருக்கும் இரண்டு நாள்களாகத் தலைசுற்றல், வெளியே சொல்லவில்லை. தார் சுற்றும் கைக்குத் தனிக் கூலி இல்லாததால், அவருடைய நோயும் கணக்கில் வருவதில்லை. மூன்றாம் நாள், காய்ச்சல் முழுதும் தணியாத நிலையிலேயே நெசவாளர் குழிக்குள் இறங்குகிறார். மூன்று நாளில் தீரவேண்டிய நோய் பத்து நாளாக நீள்கிறது.

இதனைத் துணிவு என்று போற்றுவது எளிது. உண்மையில் இது துணிவன்று, வேறு வழியின்மை.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுத்துரைக்கிறது. இவற்றுள் மருந்தை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்க, 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நீடித்த நோய்களுக்கு அதன்வழி மாத்திரைகள் கிடைக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பங்களின் மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. எனினும், நோயாளி படுத்திருக்கும் நாள்களில் உலை வைக்க அரிசி வேண்டுமே! இழந்த கூலிக்கு ஈடு என்னும் ஐந்தாவது தேவை எஞ்சி நிற்கிறது.

ஆலைத் தொழிலாளர் அந்தத் தேவைக்கு நெடுங்காலம் முன்பே விடை கண்டனர். 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு பெற்றவர் நோயுற்றால் கூலியில் ஒரு பகுதியைப் பெற வழிவகுத்தது. அத்திட்டத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும் நிலை உருவாயிற்று. வீட்டுத் தறியோ அச்சட்டம் கூறிய தொழிற்சாலை வரையறைக்குள் அடங்கவில்லை. வீட்டிலிருந்து உழைப்போரும் பிற கூலித் தொழிலாளருக்கு இணையாக நடத்தப்பட வேண்டும் என்று 1996இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. சமூகப் பாதுகாப்பும் அந்த இணைமையில் அடங்கும்.

சட்டம் எட்டாத இடத்தில் சங்கம் எட்டியதற்கும் சான்று உண்டு. இலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கம், தனித்தனியே உழைத்த பெண்களை ஒன்றுதிரட்டியது. 1992 முதல் அவர்களுக்கெனக் காப்பீட்டையும் நடத்தியது. தமிழ்நாட்டிலும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களும் இருக்கின்றன. உறுப்பினர் பதிவையும் அதன் புதுப்பித்தலையும் நோய் வந்தபின் தேடுவதைவிட, உடல் நலமாய் இருக்கும்போதே முடித்துவைத்தல் அறிவுடைமை. படித்த பிள்ளைகள் தம் வீட்டுக்குச் செய்யத்தக்க முதல் உதவியும் அதுவே.

அந்த நெசவாளரின் தெருவுக்கு மீண்டும் வருவோம். தறியோசை கேளாததால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். “ஏனுங்கண்ணா, தறிச் சத்தத்தையே காணோம்?” என்று கேட்டவர், எஞ்சிய இரண்டு முழத்தைத் தாமே நெய்து முடிக்க அமர்கிறார். சேலை முடிகிறது, கூலி வருகிறது. நோயாளி அன்றிரவு அச்சமின்றி உறங்குகிறார். அயலார் அன்பினால் ஒருநாள் கிடைத்த அந்த ஓய்வு, உழைக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.