அந்தச் சிறுவன்

கச்சான் காற்று பலத்து வீசும் மாதங்களில் கண்டக்குழிக் கரையில் வள்ளங்கள் மணலேறிக் கிடக்கும். தொழிலில்லாத அத்தகைய மாதமொன்றிலேதான், 1990களின் இறுதியில், நாம் ‘மர்மதேச’த்தைக் கண்டோம். சம்மாட்டி ஒருவரின் வீட்டில் மட்டுமே மின்பிறப்பாக்கி இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒளிநாடாக்கள் ஓடி ஓடித் தேய்ந்தவை. படத்தின் மேற்பாதி எந்நேரமும் நடுங்கிக்கொண்டேயிருக்கும். பெண்கள் திண்ணையில், ஆண்கள் முற்றத்து மணலில், சிறுவர்களாகிய நாமோ சன்னற் கம்பியில். டீசல் தீர்ந்துவிட்டால் கொலைகாரன் யாரென்று அறியாமலே தென்னந்தோப்பு இருளினூடே வீடு திரும்ப வேண்டும்.

கே. பாலசந்தரின் ‘மின் பிம்பங்கள்’ தயாரிப்பு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். சன் தொலைக்காட்சியில் வந்தது. அவ்வரிசையில் ‘விடாது கருப்பு’ என்ற கதையே எமது கரையை ஆட்டிவைத்தது. கிராமமொன்றில் கொலைகள் விழுகின்றன. கருப்புசாமியின் தண்டனை என்கின்றனர் ஊரார். குதிரையேறி வந்தது சாமியன்று, சிறுவயதிலேயே அச்சத்தில் ஊறிப்போன ஒரு மனிதனின் பிளவுண்ட மனமே என்பது ஈற்றில் வெளியாகிறது. மனிதன் செய்த குற்றத்தைத் தெய்வத்தின் தலையில் சுமத்தாதே என்று சொன்ன அளவில் அது நல்ல கதைதான். எனினும் வாரக்கணக்கில் மாயத்தைக் காட்டிவிட்டு, இறுதியில் மட்டும் அறிவைப் பேசினால், அஞ்சிய நெஞ்சு எதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும்? தொடர் முடிந்த பின்னரும் எம்மூரில் அந்தத் தோப்புப் பாதையில் இரவில் தனியே போனவர் எவருமில்லை.

நடித்தவர்கள் பிறகு என்னவானார்கள்? நாயகனாக வந்த சேத்தனும் தேவதர்சினியும் அத்தொடரிலே சந்தித்து, பின்னர் மணந்துகொண்டனர். சேத்தன் நெடுங்காலம் சின்னத்திரையிலேயே உழைத்தார். 2023இல் வெற்றிமாறனின் ‘விடுதலை’யில் ஈரமற்ற பொலிஸ் அதிகாரியாக வந்தபோதுதான் பலர் அவரைப் புதிதாய்க் கண்டதுபோல் வியந்தனர். தேவதர்சினி ‘காஞ்சனா’வில் நகைக்க வைத்தார், ‘96’இல் அவர் ஏற்ற பாத்திரத்தின் இளம் பருவத்தை அவர் மகளே நடித்தார். முதியவளாக வந்த சி. டி. ராஜகாந்தம், 1941இல் ‘சபாபதி’யில் காளி என். ரத்தினத்தோடு நாட்டைச் சிரிக்கவைத்த நடிகை. மேடை, திரைப்படம், தொலைக்காட்சி என்று மூன்று தொழிற்களங்களைக் கண்ட உடல் அது! இன்று அவர் இல்லை. பாலசந்தர் 2014இலும் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரிலும் மறைந்தனர்.

ஆனால் எம் நினைவை விட்டு அகலாதவன் நாயகனின் பிள்ளைப் பருவத்தை நடித்த சிறுவனே. கண்களை அகல விரித்து அவன் மிரண்டபோது சன்னற் கம்பியில் நாமும் மிரண்டோம். லோகேஷ் ராஜேந்திரன் என்பது அவன் பெயர். ‘ஜீ பூம்பா’ முதலிய தொடர்களிலும் நடித்தான். வளர்ந்தபின் அந்த முகத்தைத் தேடி வந்தவர் குறைவு. வீடு பிரிந்து, கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தை அண்டி நாட்களைக் கழித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. 2022 ஒக்டோபரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 34. இரண்டு பத்தியில் முடிந்த அச்செய்தியைப் படிக்கும்வரை, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாளாவது அவரைப் பற்றி நாம் விசாரித்ததில்லை.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிக்க நாம் முனையவில்லை. ஆயினும் கேமராவின் முன் நிற்கும் குழந்தை வேலை செய்கிறது என்பதையே சட்டம் நெடுநாள் ஒப்பவில்லை. இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சிறுவர் தொழிலாளர் சட்டம் சில தொழில்களை மட்டுமே தடுத்தது; நடிப்பு அப்பட்டியலில் இல்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2017இல் விதிகள் வந்தன: நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கலாகாது; ஓய்வின்றித் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது; வருமானத்தில் 20 விழுக்காடாவது அதன் பெயரில் வங்கியில் வைப்பிடப்பட வேண்டும். ‘விடாது கருப்பு’ முடிந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்த பிறகு!

அந்தச் சன்னலில் எம்மோடு தொங்கியவன் ஒருவன் பன்னிரண்டாம் வயதில் கரைவலை இழுக்கப் போனான். 5 முதல் 14 வயதுவரை பள்ளி செல்வது கட்டாயமென 1997இல் ஒழுங்குவிதி வந்த நாட்டில்தான் இது நடந்தது. பெரியவர்களுக்குக் கிடைத்த பங்கில் பாதிகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அவன் வரவுப் பதிவில் எப்போது நின்றான் என்று வகுப்பில் எவரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நாமும் கேட்கவில்லை.

சென்ற கச்சானில், வாடி நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த அவனிடம் கைப்பேசியில் அந்தப் பழைய தொடரைக் காட்டினோம். இப்போது படம் நடுங்கவில்லை. சிறுவன் மிரளும் இடம் வந்ததும் அடையாளம் கண்டு சிரித்தான். நாம் செய்தியைச் சொன்னோம். ஊசியை வலைக்கண்ணில் அப்படியே நிறுத்திக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்தான்.

“நடிக்கப் போன நாளையில அந்தப் பொடியன் பள்ளிக்கூடம் போனானா, மச்சான்?” என்றான்.