பொதுநிதியும் சேமநிதியும்

முதுமையிலும் நோயிலும் மனிதனைத் தாங்க வேண்டியது குடும்பமா, அரசா? இவ்வினாவுக்கு மேலை நாடுகள் கண்ட விடை வேறு. மலாயாவும் சிங்கப்பூரும் கண்ட விடை வேறு.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்புறுதியையும், 1889இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கினார். தொழிலாளர் மீதிருந்த இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. அவர்கள் சமதர்மக் கட்சியின் பக்கம் சாயாதிருக்க வேண்டும் என்ற அரசியல் கணக்கும் அதில் இருந்தது. பிரிட்டனில் 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையைத் தொடர்ந்து, 1948 ஜூலை 5ஆம் நாள் தேசியச் சுகாதாரச் சேவையும் தேசியக் காப்புறுதியும் நடைமுறைக்கு வந்தன. நலமாயிருப்பவன் செலுத்தும் பணம் நோயாளிக்கு மருந்தாகிறது. இன்று உழைப்பவன் தரும் சந்தா இன்றைய முதியவருக்கு உணவாகிறது. சுமை அனைவர் தோளிலும் பரவுகிறது.

அதே பிரிட்டிஷ் ஆட்சி இங்குச் செய்தது என்ன? மலாயாவில் 1951இல் ஊழியர் சேமநிதி. சிங்கப்பூரில் 1955இல் மத்திய சேமநிதி. தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்த, அத்தொகை அவரவர் பெயரிலேயே வட்டியோடு சேரும். கருவூலத்துக்குப் பெருஞ்செலவில்லை. எஞ்சியதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர் என்பது எதிர்பார்ப்பு. பிற்காலத்தில் கீழை நாட்டுப் பண்பாடு என்று பெருமை பேசப்பட்டதில் குடியேற்ற ஆட்சியின் சிக்கனமும் கலந்திருந்தது. ஆசியா முழுமைக்கும் இதுவே வழி என்றும் கூறவியலாது. ஜப்பான் 1961இலேயே மருத்துவக் காப்புறுதியையும் ஓய்வூதியத்தையும் அனைவருக்கும் விரித்துவிட்டது.

சேமநிதியால் விளைந்த நன்மை சிறிதன்று. சிங்கப்பூரில் 1968 முதல் அதைக்கொண்டு அடுக்குமாடி வீடு வாங்கியோர் பலர். ஆயினும் ஊதியம் எவ்வளவோ அவ்வளவே சேமிப்பு. நாட்கூலிக்குப் பால்மரம் சீவியவரின் கணக்கில் என்ன சேர்ந்திருக்கும்? வேலை முடிந்ததும் தோட்டத்து லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டியவர், மொத்தமாகக் கைக்கு வந்த தொகையைக் கூரைக்குச் செலவிடுவாரா, மகளின் திருமணத்துக்கா, மருந்துக்கா? அடுப்படியிலேயே ஆயுளைக் கழித்த அவர் மனைவிக்கோ கணக்கே கிடையாது.

குடும்பம் என்னும் தூணும் அசைந்தது. பெற்றோரைப் பேணுமாறு பிள்ளைகளைப் பணிக்கச் சிங்கப்பூர் 1995இல் சட்டமே இயற்றியது. மரபு தளராதிருந்தால் தீர்ப்பாயம் எதற்கு? அந்நாடே 2015இல் மெடிஷீல்டு லைஃப் வழி நோயின் சுமையை மக்கள் அனைவருக்கும் பகிர்ந்தது. சேமநிதியில் குறைவாகச் சேர்த்த ஏழை முதியோருக்கு 2016 முதல் அரசுப் பணத்திலிருந்தே உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.