பாலையில் சுருட்டிய இல்லம்

நடு ஆசியாவின் காராகும் பாலைவனத்தை ஒட்டிய நிலங்களில் ஆட்டு மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த துருக்மேனியர், வீட்டுப் பொருள்கள் பலவற்றையும் கம்பளியாலேயே செய்துகொண்டனர். மரப்பெட்டி ஒட்டகத்தின் விலாவை உறுத்தும். மண்பானையோ வழியிலேயே உடையும். 'சுவால்' என்னும் பெரிய பை ஆடைகளையும் படுக்கைகளையும் கொள்ளும், கூடாரத்துள் தொங்கும், பயணத்தின்போது ஒட்டகத்தின்மேல் ஏறும். சிறிய பைக்குத் 'தோர்பா' என்று பெயர். வாயிலில் தொங்கிய 'என்சி' என்னும் விரிப்பே கதவு. தறியும் தரையில் முளையடித்துக் கிடத்தியதுதான். புறப்படும் நாளில் முளைகளைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தோடு சுருட்டிக் கொள்ளலாம்.

நெய்தவர் பெண்கள், தாயிடம் மகள் கற்றாள். யோமுட் குடியின் திருமண ஊர்வலத்தில், மணப்பெண்ணின் ஒட்டகத்துக்கு இரு விலாக்களிலும் ஐங்கோண வடிவுடைய 'அஸ்மாலிக்' இணை அணியாயிற்று.

மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர் தந்த சிவப்பே பெரும்பாலும் களம். அதன்மேல் வரிசை வரிசையாக அமையும் சின்னத்துக்குக் 'குல்' என்பது பெயர். அது வெறும் பூவேலை அன்று. டெக்கே, சாலோர், யோமுட், எர்சாரி எனக் குடிதோறும் குல் வேறுபட்டது. கம்பளத்தைக் கண்டவர் குடியை அறிந்தனர். தோற்ற குடி தன் குல்லை நெய்யும் உரிமையை இழந்தது என்று சோவியத் ஆய்வாளர் மொஷ்கோவா கருதினார். பிற்கால ஆய்வாளர் அனைவரும் அதனை ஏற்கவில்லை. எனினும், 19ஆம் நூற்றாண்டில் சாலோர் வலிமை குன்றியபின் அவர்தம் குல், டெக்கே, சாரிக் குடிகளின் பைகளில் இடம்பெற்றது.

1881இல் கியோக் தெபே கோட்டை ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. தொடர்ந்து இருப்புப்பாதையும் வெளிச்சந்தையும் செயற்கைச் சாயமும் வந்தன. வீட்டுக்கு நெய்த கைகள் விலைக்கும் நெய்யலாயின. புகாரா நகரச் சந்தை வழியே சென்றமையால், மேலைநாட்டார் இவற்றைப் 'புகாரா கம்பளங்கள்' என்றனர். குடியின் அடையாளத்தை நூலிலேயே பொறித்திருந்தும் வாங்கியவருக்கு அது தெரியவில்லை! கதவாயிருந்த என்சி தரைவிரிப்பாயிற்று. இணையாக நெய்த அஸ்மாலிக்குகள் பிரிந்து, ஒன்று ஓரிடத்தும் மற்றொன்று வேறோரிடத்துமாயின.

துருக்மேனிஸ்தான் விடுதலை பெற்றபின், 1992இல் தன் தேசியக் கொடியை ஏற்றது. பச்சை நிறக் கொடி அது. கொடிக்கம்பத்தின் பக்கமாக ஒரு செந்நிறப் பட்டை. அப்பட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து குல்கள் உள்ளன.