முகம் தெரியாத மண்

கிரீன்வேஸ் சாலையில் தோண்டியிருந்த பெருங்குழிக்குள் இரும்புப் படிகளில் இறங்கினேன். கொஞ்ச தூரம் படிகளை எண்ணிப் பார்த்து, மூச்சு வாங்கியதும் கணக்கை விட்டுவிட்டேன். பாதி இறங்கும்போதே மேலே பேருந்துகளின் சத்தம் அடங்கிப்போனது. அப்புறம் காற்றுக்குழாயின் இரைச்சல் ஒன்றுதான்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் தடம் இந்த இடத்தில் அடையாற்றுக்கு அடியில் புகுந்து போகிறது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு சுரங்கங்கள், இரண்டு இயந்திரங்கள். ஒன்றின் பெயர் காவிரி, மற்றொன்றின் பெயர் அடையாறு. அடையாற்றுக்குக் கீழே போகிற இயந்திரத்துக்கே அடையாறு என்று பெயர் வைத்தவர் நல்ல குசும்புக்காரராக இருக்க வேண்டும்.

சுரங்கம் தோண்டுகிறவர் மண்ணைப் பார்த்துத்தான் தோண்டுவார் என்று நான் நம்பியிருந்தேன். இயந்திரத்தை ஓட்டுபவரின் அறையில் முன்பக்கம் ஜன்னலே கிடையாது. திரைகளும் முட்களும் பொத்தான்களும்தான். வெட்டுகிற இடத்தை அவர்கள் 'ஃபேஸ்' என்கிறார்கள், முகம். இயந்திரம் ஓடும்போது அந்த முகம் யார் கண்ணுக்கும் படாது.

"அப்புறம் எப்படி தம்பி ஓட்டுறீங்க?" என்று கேட்டேன். மேற்கு வங்கத்துப் பையன். வந்து சில வருடமாகிறதாம், தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது. பதில் சொல்லாமல், பின்னால் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்த மண்ணில் ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "இதுதான் அண்ணா சொல்லும்."

இயந்திரத்தின் முன்னால் சுழன்று மண்ணை வெட்டுவது வெட்டுத்தலை. அதற்குப் பின்னால் ஒரு அறை. வெட்டிய மண்ணை உடனே வெளியே விடாமல் அங்கே அடைத்துவைக்கிறார்கள். எதிரே மண்ணும் நீரும் எவ்வளவு தள்ளுகின்றனவோ, அதே அளவு இந்தப் பக்கமிருந்தும் தள்ள வேண்டும். திருகுக் குழாய் வழியாக மண்ணை அவசரப்பட்டு எடுத்தால் மேலே சாலை உள்வாங்கும்; எடுக்காமல் முன்னே தள்ளிக்கொண்டே போனால் சாலை உப்பும். மணல் என்றால் நுரை கலந்து பிசைய வேண்டும். களிமண் என்றால் வெட்டுத்தலையில் அப்பிக்கொள்ளும். மோசமானது இரண்டுங்கெட்டான் மண்தான்: மேல்பாதி மணல், கீழ்பாதி பாறை. வெட்டுத்தலையின் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்துபோகும். எங்கள் ஊரில் கிணறு வெட்டுபவர் வரும் மண்ணை விரலால் நசுக்கி, சில சமயம் மோந்துகூடப் பார்ப்பார். கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாலும் இந்தத் தம்பி செய்வதும் அதே வேலைதான்.

பெல்ட்டில் கருநீலச் சில்லுகளும் வந்தன. சார்னோகைட். சென்னையின் தென்பகுதிக்கு அடியில் கிடக்கும் கடும்பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்துக் கல். அதனால் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். முன்னூறு வருடத்துக்கு முன் இங்கிருந்து வங்கத்துக்குக் கல் போனது, இப்போது அங்கிருந்து அதை உடைக்க ஆள் வருகிறது. இதைச் சொன்னபோது தம்பி சிரித்தாரே தவிர, நம்பினாரா என்று தெரியவில்லை.

பல் தேய்ந்தால் மாற்ற ஆள் உள்ளே போகத்தான் வேண்டும். மண் நிற்காத இடத்தில் வெட்டுத்தலைக்குப் பின்னுள்ள அறைக்குள் அழுத்தக்காற்றை நிரப்பி, அதற்குள் ஆட்களை அனுப்புகிறார்கள். கடலில் ஆழம் மூழ்கியவர்களைப் போல, வெளியே வரும்போதும் நடு அறையில் காத்திருந்து, அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிய பிறகுதான் வர வேண்டும். முகத்தை நேரில் பார்க்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான். ஒரு பல்லைத் தூக்கிப் பார்க்க முயன்றேன். அசையவில்லை.

ஒரு வளையத்தின் அளவு முன்னேறியதும் இயந்திரம் நிற்கிறது. வளைந்த கான்கிரீட் துண்டுகளை இயந்திரக்கை ஒவ்வொன்றாகச் சுழற்றி ஏற்றுகிறது. கடைசியில் 'கீ' என்னும் சிறு துண்டு. ஆப்பு போல அது இறுகியதும்தான் வளையம் நிற்கும். போல்ட் முடுக்குகிறவர்கள் அந்த நேரத்தில் பேசுவதில்லை. ஒருவர் கையை உயர்த்துவார், மற்றவர் நகர்வார். பிறகு வளையத்துக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் கலவையைச் செலுத்துகிறார்கள். முடித்த வளையத்தையே உதைத்துக்கொண்டு இயந்திரம் அடுத்த அடி வைக்கிறது.

மேலே ஏறி வந்தபோது, சாலையோரத்தில் இரண்டு பேர் முக்காலியில் கருவி வைத்துக் கட்டடச் சுவர்களில் ஒட்டிய குறிகளை அளந்துகொண்டிருந்தார்கள். சுவர் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் கீழே தகவல் போய்விடும். முகம் பார்க்காமல் தோண்டிய இந்தத் தடத்தில் நாளை ஓடப்போவதும் ஓட்டுநர் இல்லாத ரயில்தான்.

2023 பிப்ரவரியில் புறப்பட்ட காவிரி, 2024 செப்டம்பரில் அடையாறு சந்திப்பில் தலைகாட்டியது. தோண்டிய தூரம் சுமார் 1.2 கிலோமீட்டர். திரு.வி.க. பாலத்தின் வழியாக அந்தத் தூரத்தை நான் நடந்து பார்த்தேன். கால் மணி நேரம் ஆனது.